வாய்ப்புண்ணும் நான் எடுத்த தப்பான டெஸ்டும்

இரண்டு வருஷமாக மாதம் தவறாமல் வாய்ப்புண். கீழுதட்டின் உள்பக்கம் லேசாக எரியும். மறுநாள் சிவப்பு விளிம்போடு வெள்ளையாக ஒரு சின்னக் குழி. பத்து நாளில் ஆறும், ஆறிய கையோடு நாக்கு ஓரத்தில் அடுத்தது.

முதலில் பி காம்ப்ளெக்ஸ், மூன்று மாதம். பலனில்லை. (பி12, ஃபோலேட், இரும்பு மூன்றுமே சரியாக இருந்தது பிறகுதான் தெரிந்தது.) சோடியம் லாரில் சல்ஃபேட் இல்லாத பற்பசைக்கு மாறினேன். எரிச்சல் குறைந்ததே தவிர புண் நிற்கவில்லை.

வைட்டமின் டி பார்த்தேன், 'நார்மல்'. அதை நம்பி நான்கு மாதம் வீண். அப்புறம் ஒரு மருத்துவர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "இது 1,25-டைஹைட்ராக்சி ஆச்சே!" என்றார். அது வைட்டமின் டியின் செயல்படும் வடிவம். உடம்பின் கையிருப்பைக் காட்டுவது 25-ஹைட்ராக்சி என்ற இன்னொரு வடிவம். கையிருப்பு குறைந்தால், கழுத்திலுள்ள சின்னச் சுரப்பிகள் சுரக்கும் பாராதைராய்டு ஹார்மோன் ஏறி, சிறுநீரகத்தை முடுக்கி 1,25 அளவை விழாமல் தாங்கிப் பிடிக்கும். பெயரில் ஓர் எண்தான் வித்தியாசம்! சரியான டெஸ்டில் மில்லிலிட்டருக்கு 11 நானோகிராம் வந்தது. 20க்குக் கீழ் போனாலே குறைபாடு.

அவர் எழுதித் தந்தபடி வாரம் ஒரு மாத்திரை, 8 வாரம். கொழுப்பில் கரையும் சத்து என்பதால் வெறும் வயிற்றில் இல்லை, சாப்பாட்டோடு. மறுபடி பார்த்தபோது 34. ஐந்து மாதமாகப் புண் இல்லை, அப்பாடா.

டி குறையாதவர்கள் இதைப் பார்த்து மாத்திரை போட வேண்டாம். அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறும். மூன்று வாரத்தில் ஆறாத புண்ணை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.