ஈரச் சாலையில் பின்சக்கர வண்டி: கால் செய்யும் தவறுகள்

மழை விட்டுவிட்டது, சாலை இன்னும் காயவில்லை. ரவுண்டானாவைச் சுற்றி வெளியே வருகிறது ஒரு கார். வளைவு முழுதாக முடியவில்லை, ஆனால் எதிரே சாலை காலி. ஓட்டுபவரின் கால் தன்னையறியாமல் ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் அழுத்துகிறது. எஞ்சின் சத்தம் சட்டென்று எகிறுகிறது. வண்டியோ அந்த அளவுக்கு முன்னே போகவில்லை. இருக்கைக்குக் கீழே ஏதோ பக்கவாட்டில் நழுவுவதுபோல் இருக்கிறது. பதறிப்போய்க் காலை எடுக்கிறார். அடுத்த இரண்டு விநாடியில் கார், வந்த வழியைப் பார்த்தபடி நிற்கிறது.

“வேகமாவே வரலை, நாப்பதுலதான் வந்தேன்” என்பார். உண்மையிலேயே நாற்பதில்தான் வந்திருப்பார். அதனால்தான் ‘மழையில் மெதுவாகப் போங்கள்’ என்ற அறிவுரை மட்டும் போதாது என்கிறேன். மெதுவாகப் போகத்தான் வேண்டும். ஆனால் பின்சக்கரங்களை எஞ்சின் சுழற்றும் வலுவான காரில், வேகமானிக்கு முன்பே தவறு செய்வது கால். அழுத்தியது ஒரு தவறு என்றால், பயந்துபோய் வெடுக்கென்று எடுத்தது அதைவிடப் பெரிய தவறு. முதல் தவறோடு நின்றிருந்தால் அநேகமாக வண்டி பிழைத்திருக்கும்.

ஒரே பிடிப்பு, இரண்டு வேலை

ஒரு டயர் சாலையைத் தொடும் இடம் கிட்டத்தட்ட ஓர் உள்ளங்கை அளவுதான். முன்சக்கர இயக்கக் காரில் இழுப்பதும் திருப்புவதும் முன் டயர்களின் பொறுப்பு. பின் டயர்கள் கூடவே உருண்டு வரும். அளவுக்கு மீறி அழுத்தினால் அந்த வண்டி திரும்ப மறுத்து நேராகப் போகும். காலைத் தளர்த்தினால் பெரும்பாலும் வழிக்கு வந்துவிடும். பின்சக்கர இயக்கத்தில் வண்டியைத் தள்ளும் வேலையும், பின்பக்கம் வெளியே வீசாமல் தாங்கும் வேலையும் பின் டயர்கள் இரண்டின் தலையில். அவற்றின் பிடிப்பு கையிருப்புப் பணம் மாதிரி. தள்ளுவதற்குச் செலவழித்தது போக மிஞ்சுவதுதான் தாங்குவதற்கு. சக்கரம் ஒருமுறை வெறுமனே சுழலத் தொடங்கிவிட்டால், தாங்குவதற்கு ஏறக்குறைய எதுவும் மிஞ்சாது.

எவ்வளவு சிறிய கையிருப்பு என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் மனதில் உறைக்கும். டயர்மேல் விழும் எடையில் எத்தனை பங்கு விசையை அது வழுக்காமல் தாங்கும் என்பதைச் சொல்லும் எண் உராய்வுக் கெழு. நல்ல டயருக்குக் காய்ந்த தார்ச்சாலையில் அது 0.8 அளவில் இருக்கும். ஈரத்தில் 0.5 பக்கம் வரும். இறுகிய பனியில் 0.2 அல்லது 0.3, வழுவழுப்பான பனிக்கட்டியில் 0.1. இப்போது 1,700 கிலோ எடையுள்ள ஒரு காரை எடுத்துக்கொள்வோம். பாதி எடை பின்சக்கரங்களில். ஈரச் சாலையில் அந்த இரண்டு டயர்களும் தாங்கக்கூடிய மொத்த விசை சுமார் 4,000 நியூட்டன். 450 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தரும் எஞ்சின் முதல் கியரில், கியர்கள் அதை 12 மடங்காகப் பெருக்குகின்றன என்று வைத்தால், சாலையில் தள்ளப் பார்ப்பது சுமார் 16,000 நியூட்டன். நான்கு மடங்கு! மூன்றாம் கியரில்கூட எஞ்சினின் முழு விசை டயரின் எல்லையைத் தாண்டிவிடும். இதெல்லாம் நேர்ச்சாலைக் கணக்கு. வளைவில் அந்த 4,000-இல் ஒரு பங்கு ஏற்கெனவே திரும்புவதற்கே போயிருக்கும்.

ஸ்டீயரிங் நேராகுமுன் அழுத்துவது

ரவுண்டானாக்காரர் செய்த முதல் தவறு இது. சாலை நேராகத் தெரிந்ததும் கால் இறங்கிவிடுகிறது. ஆனால் முன்சக்கரங்கள் இன்னும் திரும்பியபடியே இருக்கின்றன. அழுத்தலாமா என்பதைச் சாலையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், கையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஸ்டீயரிங் எவ்வளவு நேராகிறதோ அவ்வளவு மட்டும் கால் இறங்கலாம். கை இன்னும் பாதி திரும்பியிருந்தால் காலும் பொறுத்திருக்க வேண்டும்.

இதில் இன்னொரு கண்ணி உண்டு. இன்றைய பின்சக்கரக் கார்கள் பெரும்பாலும், வளைவில் முதலில் முன்பக்கம் கொஞ்சம் நழுவும்படியே அமைக்கப்படுகின்றன. சாதாரண ஓட்டுநருக்கு அதுதான் பாதுகாப்பு. வண்டி போதுமான அளவு திரும்பவில்லை என்று தோன்றியதும் பலர் ஸ்டீயரிங்கை இன்னும் முறுக்கி, கூடவே ஆக்ஸிலரேட்டரையும் கொடுக்கிறார்கள். முன்பக்கம் திடீரென்று பிடிப்பைத் திரும்பப் பெறும் அதே கணத்தில் பின்பக்கம் அதை இழக்கும். அப்போது கார் சுழலும் வேகத்தைக் கையால் ஈடுகட்டுவது கடினம்.

வெளியேறும் புகையின் விசையால் கூடுதல் காற்றை உள்ளே திணித்து வலுவேற்றும் டர்போ எஞ்சின்களில் காலுக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஒரு தாமதம் இருக்கும். 1975-இல் விற்பனைக்கு வந்த போர்ஷே 911 டர்போ இதற்காகவே பேர் வாங்கியது. எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால், 260 குதிரைத்திறன், டர்போ விழித்துக்கொள்ளவே சற்று நேரமாகும். வளைவின் நடுவில் அழுத்தியதற்கான விசை, வளைவு முடிவதற்குள் மொத்தமாக வந்து இறங்கும். இன்றைய டர்போக்கள் எவ்வளவோ பணிவானவை. ஆனாலும் ஈரத்தில் ஒரு கியர் மேலே வைத்து ஓட்டுவது இன்றைக்கும் நல்ல பழக்கம். சக்கரத்துக்குப் போகும் விசையும் குறையும், காலின் சிறு பிசகையும் வண்டி மன்னிக்கும்.

வெடுக்கென்று காலை எடுப்பது

இதைத்தான் நான் அதிகம் வலியுறுத்த விரும்புகிறேன், ஏனென்றால் இது நல்லெண்ணத்தில் செய்யப்படும் தவறு. ஏதோ சரியில்லை, அழுத்துவதை நிறுத்து என்று உடம்பே சொல்கிறது. அந்தச் சொல்லைக் கேட்டால்தான் ஆபத்து.

காலை எடுத்த மறுகணம் எஞ்சின், சக்கரங்களைப் பின்னுக்கு இழுக்கத் தொடங்குகிறது. முன்சக்கர வண்டியில் அந்த இழுவை முன்னால் நிகழும். இங்கே ஏற்கெனவே நழுவிக்கொண்டிருக்கும் பின்சக்கரங்களில். அதே நேரத்தில் வண்டியின் எடை முன்னே சாய்கிறது. முன் டயர்களுக்குப் பிடிப்பு கூடுகிறது, பின் டயர்களுக்குக் குறைகிறது. முன்பக்கம் நன்றாகத் திரும்ப, பின்பக்கம் லேசாகிப் பறக்க, வண்டி பம்பரமாகிறது. பிரேக்கை ஓங்கி மிதித்தால் எடை இன்னும் வேகமாக முன்னே சாயும்.

தண்ணீர் தெளித்த பயிற்சித் தளத்தில் முதன்முதலில் இதைக் கற்றுக்கொண்டபோது, காலை எடுக்கக் கூடாது என்று தெரிந்தேதான் போனேன். முதல் மூன்று முறையும் எடுத்தேன், மூன்று முறையும் சுழன்றேன். பயத்தில் அறிவு காலுக்கு எட்டுவதில்லை, பழக்கம்தான் எட்டும். நான்காவது முறை, பயிற்சியாளர் சொன்னபடி மூச்சை வெளியே விட்டுக்கொண்டே காலைத் தளர்த்தினேன். வண்டி லேசாக ஆடிவிட்டு நேரானது.

அழுத்தியதால் வழுக்கினால் அழுத்தத்தைத் தளர்த்துங்கள். பாதியளவு, மெல்ல, ஆனால் தயங்காமல். காலை எடுத்ததால் வழுக்கினால், கொஞ்சமே கொஞ்சம் ஆக்ஸிலரேட்டர் கொடுங்கள். எடை திரும்பப் பின்னால் உட்காரும். இரண்டில் எது என்று யோசிக்க நேரமில்லாதபோது, மேனுவல் கியர் வண்டியில் கிளட்சை மிதித்துவிடலாம். தள்ளுவதும் நின்றுவிடும், இழுப்பதும் நின்றுவிடும்.

கியரைக் குறைப்பதும் இந்தத் தவறின் உறவுதான். ஈரமான இறக்கத்தில் மூன்றிலிருந்து இரண்டுக்கு மாற்றிக் கிளட்சைப் பட்டென்று விட்டால், பின்சக்கரங்களுக்கு மட்டும் பிரேக் போட்டதற்குச் சமம். ஹேண்ட்பிரேக்கை இழுத்ததுபோல் பின்பக்கம் விலகும். வளைவுக்குமுன், வண்டி நேராக இருக்கும்போதே, கிளட்சை மெதுவாக விட்டு இந்த வேலையை முடித்துவிட வேண்டும்.

மின்சாரக் கார் ஓட்டுபவர்களுக்கு இது இன்னும் முக்கியம். பின்னால் மட்டும் மோட்டார் உள்ள மின்கார்களில் அழுத்தியவுடனேயே முழு முறுக்குவிசை வந்துவிடும். காலை எடுத்தாலோ மோட்டார் மின்சாரத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டே பின்சக்கரங்களில் பிரேக் போடும். ஒற்றைப் பெடல் ஓட்டம் என்று நாம் விரும்பிப் பழகியது, வழுக்கும் சாலையில் கியரைக் குறைத்த கதையாகிவிடும். வண்டியின் கணினி இதை உணர்ந்து இழுவையைக் குறைக்கப் பார்க்கும். ஆனாலும், வண்டி அனுமதித்தால், மழையிலும் பனியிலும் அந்த மீட்பு பிரேக்கிங்கைக் குறைந்த நிலையில் வைத்துவிடுங்கள்.

கைகள் தாமதிப்பதும், திரும்ப வராமல் போவதும்

பின்பக்கம் வலப்புறம் வீசினால் ஸ்டீயரிங்கையும் வலப்புறம் திருப்ப வேண்டும் என்பது பலருக்குத் தெரியும். தெரிந்தும் சுழல்கிறார்கள், ஏனென்றால் அதில் இரண்டாம் பாதி ஒன்று இருக்கிறது. பின்பக்கம் திரும்பி வரத் தொடங்கியதும் கையும் அதோடு சேர்ந்து நடுவுக்குத் திரும்பியாக வேண்டும். கையை அங்கேயே பிடித்துக்கொண்டிருந்தால், டயர்கள் பிடிப்பைப் பெற்ற கணத்தில் வண்டி மறுபக்கம் எறியப்படும். இரண்டாவது வீச்சு பலசமயம் முதல் வீச்சைவிடக் கடுமையாக இருக்கும், எதிர்த்தடத்துக்கே கொண்டுபோய்விடும்.

கண் போகும் இடத்துக்குக் கை போகும். மரத்தைப் பார்த்தால் மரத்துக்கே போவீர்கள். போக வேண்டிய சாலையைப் பார்த்தால், எவ்வளவு திருப்ப வேண்டும் என்பதைக் கை ஓரளவு தானாகவே கண்டுகொள்ளும்.

ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலை அணைப்பது, அல்லது அதை முழுக்க நம்புவது

வண்டி வழுக்கும்போது கணினியே தலையிட்டுத் திருத்தப் பார்க்கும் ஏற்பாடுதான் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல். 1995-இல் பாஷ் நிறுவனத்தின் இந்த அமைப்பு மெர்சிடிஸ் பென்ஸின் எஸ் 600 கூபேயில் வந்தது. இன்று அமெரிக்காவில் 2012 மாடல் ஆண்டிலிருந்தும், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 நவம்பரிலிருந்தும் புதிய கார்கள் எல்லாவற்றிலும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் கட்டாயம். ஸ்டீயரிங் காட்டும் திசையையும் வண்டி உண்மையில் திரும்பும் அளவையும் அது ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். பின்பக்கம் வீசினால், வளைவின் வெளிப்புற முன்சக்கரத்தில் மட்டும் பிரேக் போட்டு வண்டியை நேராக்கப் பார்க்கும். எந்தத் திறமைசாலியாலும் ஒரே ஒரு சக்கரத்துக்குத் தனியாக பிரேக் போட முடியாது. பொதுச்சாலையில் அதை அணைக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. ஆழமான சேற்றிலோ பனியிலோ சிக்கி நகர முடியாதபோது சில நிமிடங்களுக்கு வேண்டுமானால் அணைக்கலாம். அணைக்காமலேயே அணைத்தவர்களும் உண்டு. பல வலுவான கார்களில் ஸ்போர்ட், டிராக் போன்ற முறைகளைத் தேர்ந்தெடுத்தாலே இந்தக் காவல் தளர்ந்துவிடும். உங்கள் வண்டியில் எந்த முறை எதைத் தளர்த்துகிறது என்று கையேட்டில் ஒருமுறை பாருங்கள்.

ஆனால் அந்தக் கணினியால் பிடிப்பை உண்டாக்க முடியாது, இருப்பதைப் பங்கிட மட்டுமே முடியும். 50 மீட்டர் ஆரமுள்ள வளைவை 50 கிமீ வேகத்தில் எடுக்க 0.39 அளவு பிடிப்பு வேண்டும். 60 கிமீ வேகத்தில் 0.57. ஈரச் சாலை தருவதோ 0.5 பக்கம். வேகம் வெறும் பத்து கிமீ கூடியதிலேயே வண்டி எல்லைக்கு வெளியே போய்விடுகிறது. வேகம் உண்மையிலேயே முடிவு செய்வது இங்கேதான். அதைக் குறைக்க வேண்டிய இடம் வளைவுக்கு முன்னால்.

பின் டயர்களை அலட்சியம் செய்வது

வலுவான பின்சக்கர வண்டியில் பின் டயர்கள் பெரும்பாலும் சீக்கிரம் தேயும். ஓட்டுநர் பார்ப்பது முன் டயர்களை, ஏனென்றால் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் அவைதான் கண்ணில் படும். புதிய டயரின் பள்ளம் சுமார் 8 மி.மீ. பல நாடுகளின் சட்டம் 1.6 மி.மீ. வரை அனுமதிக்கிறது, ஆனால் அதற்கு வெகுமுன்பே டயர் தண்ணீரை ஒதுக்கும் திறனை இழந்துவிடும். நான்கும் ஒரே அளவாக இருந்து இரண்டை மட்டும் மாற்றினால், புதியவை பின்னால் போக வேண்டும்.

தண்ணீர்மேல் டயர் மிதக்கும் வேகத்தைக் காற்றழுத்தத்திலிருந்து கணிக்க, நாசா 1960-களில் விமான டயர்களை ஆராய்ந்து ஒரு சூத்திரம் தந்தது. அதன்படி 32 பி.எஸ்.ஐ. காற்றுக்குச் சுமார் 94 கிமீ வேகம். காற்று குறைந்தால் அந்த வேகமும் குறையும். இந்த நிலையில் குரூஸ் கன்ட்ரோல் ஓடிக்கொண்டிருந்தால், வேகத்தைத் தக்கவைக்க அது சக்கரங்களுக்கு இன்னும் விசை கொடுக்கக்கூடும். தேங்கிய நீர் தெரிந்தால் அதை முதலில் அணையுங்கள்.

கோடைக்கால டயரின் ரப்பர் சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே விறைத்துவிடும். பந்தயத்தளத்தை மனதில் வைத்துச் செய்த டயர்களுக்குக் குளிரும் ஈரமும் சேர்ந்தால் இன்னும் மோசம். ‘உயர்ந்த டயர் போட்டிருக்கிறேன்’ என்ற தைரியம் எந்தப் பருவத்துக்கான உயர்வு என்பதைப் பொறுத்தது.

சாலையிலும் பிடிப்பு ஒரே மாதிரி இருப்பதில்லை. நெடுநாள் வெயிலுக்குப் பிறகு பெய்யும் முதல் மழையில், படிந்திருந்த எண்ணெயும் ரப்பர் தூளும் நீரோடு கலந்து மேலே வரும். அந்த முதல் நிமிடங்கள் மிக வழுக்கலானவை. வெள்ளைக் கோடுகள், சாக்கடை மூடிகள், தண்டவாளங்கள், பாலத்தின் இரும்பு இணைப்புகள், ஈர இலைகள், இவற்றின் மேல் பின்சக்கரம் ஏறும்போது கால் அசையாமல் இருக்கட்டும். குளிர் நாடுகளில் பாலங்களின் மேல்தான் பனிக்கட்டி முதலில் உறையும், ஏனென்றால் குளிர்காற்று கீழிருந்தும் அடிக்கிறது.

இத்தனைக்குப் பிறகும் வண்டி பாதிக்கு மேல் சுழன்றுவிட்டால், திருத்தும் முயற்சியை விட்டுவிடுங்கள். பிரேக்கை முழு பலத்தோடு மிதியுங்கள், கிளட்ச் இருந்தால் அதையும். வேகம் குறையக் குறைய மோதலின் வலு குறையும். நின்றதும் அபாய விளக்குகளைப் போட்டு, எதிரே வண்டி வருகிறதா என்று பார்த்து, ஓட்ட முடிந்தால் முதலில் சாலையை விட்டு ஓரம் கட்டுங்கள். கை நடுங்கும். அது அடங்கும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு, இறங்கிப் பின் டயர்களைப் பாருங்கள்.