மூடிய தொழிற்சாலையின் சங்கு: இரண்டு நிமிடத் திகில் படத் தொடக்கத்தைத் திட்டமிட்டுத் தொகுக்கும் முறை

அமானுஷ்யத் திகில் படமொன்றின் முதல் இரண்டு நிமிடங்களை மட்டும் எடுத்துத் தொகுப்பது, படமாக்கக் கற்கும் மாணவர்களுக்கு மிகவும் பயன்தரும் பயிற்சி. குறும்படம் என்றால் கதையை முடித்துக் காட்ட வேண்டும். தொடக்கக் காட்சிக்கு அந்தக் கடமை இல்லை. இடத்தையும் ஒரு பாத்திரத்தையும் அறிமுகப்படுத்தி, ஏதோ ஒன்று சரியில்லை என்று பார்ப்பவரை நிமிர்ந்து உட்காரவைத்து, தலைப்பைப் போட்டுவிட்டால் போதும். இலங்கையில் உயர்தர வகுப்பில் தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் பயிலும் மலையக மாணவர்களை மனத்திற்கொண்டு இந்த விளக்கத்தை எழுதுகிறேன். கையடக்கத் தொலைபேசி இரண்டு, முக்காலி ஒன்று, டோர்ச் இரண்டு, சுமாரான கணினி ஒன்று, நான்கைந்து நண்பர்கள் இருந்தால் வேலையைத் தொடங்கலாம்.

படி 1: கருவைத் தெரிவு செய்தல்

புதிதாக எழுத உட்காரும் குழு பெரும்பாலும் வெள்ளைச் சேலையிலும் விரித்த கூந்தலிலுமே தொடங்குகிறது. பார்ப்பவர் அவற்றைப் பார்த்துச் சிரித்துப் பழகிவிட்டார். அவற்றை ஒதுக்கிவிட்டு, உங்கள் தோட்டத்தில் நாள்தோறும் மாறாமல் நடப்பவற்றை ஒரு தாளில் எழுதுங்கள்: காலைப் பெரட்டு (தொழிலாளர்களைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுத்தல்), தொழிற்சாலைச் சங்கு, பீலியில் (மலைநீர் விழும் குழாயில்) தண்ணீர் பிடிக்கும் நேரம், கடைசி பஸ் முடக்கில் திரும்பும் சத்தம். அவற்றுள் ஒன்றை மட்டும் பிறழச் செய்யுங்கள். மற்ற அனைத்தும் வழமைபோல் நடக்கும்போதுதான் அந்த ஒரு பிறழ்வு உறுத்தும்.

இந்த விளக்கம் முழுவதற்கும் ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலை பல ஆண்டுகளாகப் பூட்டிக் கிடக்கிறது. கொழுந்து இப்போது பக்கத்துத் தோட்டத்துக்கு லொறியில் போகிறது. பிரத்தியேக வகுப்பு முடிந்து மாலையில் திரும்பும் மாணவிக்கு அந்தத் தொழிற்சாலையின் சங்கு கேட்கிறது. வீட்டில் வேறு யாருக்கும் கேட்கவில்லை. ஆனால் காது கேளாத அப்பாயி படுக்கையிலிருந்து எழுந்து, கொழுந்து பறிப்பவர்கள் இடுப்பில் சுற்றும் முரட்டுத் துணியான படங்கைக் கட்டிக்கொண்டு, இரவில் வேலைக்குப் புறப்படுகிறார்.

இதில் பேய் இல்லை. நடந்ததற்கு இயற்கையான விளக்கமும் உண்டு: மாணவி களைத்திருக்கலாம், அப்பாயிக்கு நினைவு தடுமாறியிருக்கலாம். அமானுஷ்ய விளக்கமும் அதே அளவு பொருந்துகிறது. இரண்டில் எதுவென்று பார்ப்பவர் முடிவு செய்ய முடியாமல் இருக்கும் காலம் வரையில்தான் பயமும் இருக்கும். உங்கள் கருவுக்கு இரண்டு விளக்கங்களையும் தலா ஒரு வரியில் எழுதிப் பாருங்கள். ஒன்றை எழுத முடியாவிட்டால் கருவை மாற்றுங்கள்.

தெய்வங்களைப் பற்றியும் ஒன்றைச் சொல்ல வேண்டும். மாடசாமி, முனியாண்டி, தொழிற்சாலையைக் காக்கும் ரோதைமுனி ஆகியோர் மலையக மக்கள் காவலுக்கென்று கும்பிடும் தெய்வங்கள். அவர்களைத் துர்ச்சக்தியாகக் காட்டுவது மரியாதைக் குறைவு என்பது ஒருபுறம். கதையளவிலும் அது சோம்பேறித்தனம். காவல் தெய்வத்தின் கல்லுக்கு முன் யாரும் விளக்கேற்றாமல் விட்டிருப்பதைக் காட்டுவது அதைவிட வலுவான படிமம். தப்பு என்ற பறையின் ஒலியைப் பேய்ச் சத்தமாகப் பயன்படுத்துவதையும் தவிர்க்கலாம். அது சாவுக்கும் ஒலிக்கிறது, திருவிழாவுக்கும் ஒலிக்கிறது.

படி 2: 120 செக்கன்களைப் பங்கிடுதல்

இரண்டு நிமிடம் என்பது ஏறத்தாழ 20 ஷொட்கள் (வெட்டில்லாமல் ஓடும் படத்துண்டுகள்). சராசரியாக ஒன்றுக்கு 6 செக்கன். ஆனால் சராசரிப்படி பங்கிட்டால் படம் தூங்கிவிடும். நமது உதாரணத்தில் முதல் 20 செக்கன்களை மூன்றே ஷொட்களுக்குக் கொடுக்கலாம்: பனிமூட்டத்தில் தேயிலை மலை, முடக்கில் மறையும் பஸ், குறுக்குப் பாதையில் இறங்கும் மாணவி. தயாரிப்பு, நடிப்புப் பெயர்கள் இங்கேயே வந்துவிடட்டும். அடுத்த 25 செக்கன்களில் தொழிற்சாலை: துருப்பிடித்த பூட்டு, உடைந்த கண்ணாடிகள், வரிசையாக யன்னல்கள். பழைய தொழிற்சாலைகளின் மேல்மாடிகள் கொழுந்தை வாட்டுவதற்காகக் கட்டப்பட்டவை. அதனால்தான் அத்தனை யன்னல்கள். அந்த நீண்ட வரிசையில் ஒன்றை மட்டும் திறந்து வையுங்கள். மாணவி அதைப் பார்க்காமல் கடந்து போகட்டும். 45ஆவது செக்கனில் சங்கு. அங்கிருந்து 60 வரை குறுகிய ஷொட்கள், ஓட்டம். 60 முதல் 90 வரை லயத்துக் காம்பரா (தொழிலாளர் வரிசை வீட்டின் அறை): அம்மா ரொட்டி தட்டுகிறார், தொலைக்காட்சி ஓடுகிறது. வசனம் இரண்டே வரி.

"அம்மா, சங்கு ஊதுச்சே, கேட்டிச்சா?"

"ஃபெக்டரி பூட்டி எத்தன வருசம், எங்க சங்கு ஊதும்?"

எஞ்சிய அரை நிமிடம் அப்பாயிக்கும் தலைப்புக்கும் உரியது. பேச்சு எழுத்துத் தமிழாகிவிட்டால் காட்சி நாடகமேடைக்குப் போய்விடும். உங்கள் வீட்டில் பேசுவதுபோலவே எழுதுங்கள்.

ஒவ்வொரு ஷொட்டுக்கும் ஒரு சிறு பெட்டி வரைந்து, அதன் கீழே என்ன தெரிகிறது, என்ன கேட்கிறது என்று இரண்டு வரிகள் எழுத வேண்டும். ஓவியத் திறமை தேவையில்லை, குச்சி மனிதர்கள் போதும். கேட்பதற்கான வரியை வெற்றாக விடாதீர்கள். திகிலில் பாதி வேலை அந்த வரியில்தான் நடக்கிறது.

படி 3: இடம், அனுமதி, பாதுகாப்பு

மலையகத்தில் திகிலுக்குரிய இடங்களுக்குப் பஞ்சமில்லை. மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்துக்காக 1969இல் மூழ்கடிக்கப்பட்ட பழைய மஸ்கெலியா நகரத்தின் வழிபாட்டுத் தலங்கள் நீர்மட்டம் குறையும்போது வெளியே தெரிகின்றன. பார்த்தவுடன் படமெடுக்கத் தோன்றும். ஆனால் நீர் வற்றும் காலத்தை நம்பி மாணவர்கள் நாள் குறிக்க முடியாது; சேற்றில் இறங்குவதும் ஆபத்து. எட்டிய தூரத்தில் இருக்கும் சாதாரண இடமே சிறந்தது.

தோட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி பெறுங்கள். பூட்டிய கட்டடத்துக்குள் நுழைய வேண்டாம். வெளிப்புறமே நமக்குப் போதும். தேயிலைச் செடிகளுக்குள் இறங்குவதற்கு முன், அந்த மலையில் குளவிக்கூடு இருக்கிறதா என்று அங்கே கொழுந்து பறிப்பவர்களிடம் கேளுங்கள். இருட்டிய பின் சிறுத்தை நடமாடும் இடங்களும் உண்டு. தனியாக யாரையும் அனுப்பக் கூடாது. புகையிரதப் பாதையிலும் சுரங்கத்திலும் படமெடுக்கும் ஆசையை விட்டுவிடுங்கள்.

படி 4: ஒளியும் கமராவும்

இலங்கை நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் மாலை மங்கல் விரைவில் முடிந்துவிடும். சூரியன் மறைந்த பின் படமெடுக்கத்தக்க நீல ஒளி ஏறத்தாழ 20 நிமிடமே கிடைக்கும். ஆகையால் அகன்ற ஷொட்களை மட்டும் அந்த நேரத்துக்கு ஒதுக்கி, முகம், கை, பூட்டு போன்ற நெருக்கமான ஷொட்களைப் பின்னர் ஒரு சுவரோரமாக டோர்ச் வெளிச்சத்தில் எடுக்கலாம். பனிமூட்டத்துக்கும் இதே விதிதான்; அது நமக்காகக் காத்திருக்காது. ஹட்டன், நுவரெலியாப் பக்கத்தில் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரையும், பதுளைப் பக்கத்தில் வடகீழ்ப் பருவக்காற்று வீசும் டிசெம்பர் முதல் பெப்ரவரி வரையும் மூட்டம் அதிகம், மழையும் அதிகம்.

பனிக்குள் கமராவின் பக்கத்திலிருந்து டோர்ச் அடித்தால் வெளிச்சம் மூட்டத்தில் பட்டுத் திரும்பி, படம் வெளுத்துவிடும். டோர்ச்சைப் பாத்திரத்துக்குப் பின்னால், கமராவை நோக்கியவாறு, ஒரு மரத்துக்கோ சுவருக்கோ மறைவில் வையுங்கள். மூட்டம் ஒளிர்ந்து, பாத்திரம் கறுத்த உருவமாகத் தெரியும். ஒரு டோர்ச்சால் செய்யக்கூடிய மிகப் பெரிய வேலை இதுதான்.

தொலைபேசியில் கையால் அமைக்கும் முறையைத் தேர்ந்து, செக்கனுக்கு 25 பிரேம் (தனிப்படம்), ஷட்டர் (ஒவ்வொரு பிரேமும் ஒளியைப் பெறும் நேரம்) 1/50 செக்கன் என்று வையுங்கள். நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் ஆதலால் பல மின்குமிழ்கள் செக்கனுக்கு 100 முறை துடிக்கின்றன. 1/50 ஷட்டர் ஒவ்வொரு பிரேமிலும் சரியாக இரண்டு துடிப்புகளை ஏற்றுக்கொள்வதால் காம்பராக் காட்சியில் கோடுகள் ஓடமாட்டா. வெண்சமநிலையையும் (நிறச் சாயலைத் தீர்மானிக்கும் அமைப்பு) குவியத்தையும் தானாக மாறாதபடி பூட்டிவிடுங்கள். பனியில் தானியங்கிக் குவியம் எதைப் பிடிப்பது என்று தெரியாமல் அலையும். குளிரில் நின்ற தொலைபேசியை அடுப்பு எரியும் காம்பராவுக்குள் கொண்டுவந்தால் வில்லையில் நீராவி படியும்; சிறிது நேரம் பொறுத்துத் துடைத்த பின் தொடங்குங்கள்.

படி 5: ஒலிப்பதிவு

தகரக் கூரையில் மழை விழும்போது வசனம் பதிய முடியாது. வானிலை பார்த்து நாள் குறிப்பது படத்துக்காக மட்டுமன்று. இரண்டாவது தொலைபேசியை நடிப்பவரின் மார்புக்கு அருகில் மறைத்து, ஒலிக்கென்றே பயன்படுத்துங்கள். ஒவ்வொரு இடத்திலும் அனைவரும் அசையாமல் நின்று ஒரு நிமிட வெற்று ஒலியைப் பதிந்துகொள்ள வேண்டும். பூச்சிகள், தவளைகள், பீலித் தண்ணீர், படங்கைக் கட்டும்போது எழும் சரசரப்பு ஆகியவற்றைத் தனித்தனியாகப் பதிவு செய்யுங்கள்.

சங்கை நாமே உருவாக்கலாம். பழைய பொறிச் சங்கில் சக்கரம் வேகமெடுக்கும்போது சுருதி ஏறும். வேகம் தணியும்போது இறங்கும். ஓடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் 150 ஹேர்ட்ஸிலிருந்து 450 வரை மெல்ல ஏறும் தொனி ஒன்றையும், அதிலிருந்து சற்றே விலகிய இன்னொன்றையும் உருவாக்கி ஒன்றின்மேல் ஒன்று வையுங்கள். தூரத்திலிருந்து வரும் ஒலியில் உச்ச அதிர்வெண்கள் காற்றில் தேய்ந்துபோகும். ஆகையால் அந்த உச்ச அதிர்வெண்களை வெட்டிவிடுங்கள். பிறகு எதிர்மலையின் எதிரொலி: ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர் செல்லும். மலை 340 மீற்றர் தொலைவில் இருந்தால் போய்த் திரும்ப 2 செக்கன் ஆகும். அந்த இடைவெளியில் மங்கலான பிரதி ஒன்றை வைத்தால், சங்கு கணினியிலிருந்து வெளியேறி மலைக்குள் போய்விடும்.

படி 6: தொகுப்பு

டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு இந்த வேலைக்குத் தாராளமாகப் போதும்; கணினி தாங்காவிட்டால் கேடன்லைவ் அல்லது கேப்கட். முதல் தொகுப்பை இசையின்றிச் செய்யுங்கள். இசை சேர்த்த பின் எல்லாமே நன்றாக இருப்பதுபோல் தோன்றும். எந்த ஷொட் உழைக்கவில்லை என்பது மறைந்துவிடும்.

ரஷ்ய இயக்குநர் லெவ் குலெஷொவ் செய்து காட்டியதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: ஒரே முகத்தை வெவ்வேறு காட்சிகளுடன் ஒட்டினால், பார்ப்பவர் அந்த முகத்தில் வெவ்வேறு உணர்ச்சிகளைக் காண்கிறார். ஆகவே மாணவியிடம் பெரிதாக அலறச் சொல்ல வேண்டியதில்லை. அவள் நிமிர்ந்து பார்க்கும் 2 செக்கன். அடுத்து, முன்பு காட்டிய அதே யன்னல் வரிசை, இப்போது எல்லாம் மூடியபடி. பயம் அந்த இணைப்பில் பிறக்கிறது. இரண்டு ஷொட்களிலும் கமரா ஒரே இடத்தில் நின்றிருக்க வேண்டும். இல்லாவிட்டால் மாற்றத்தை யாரும் கவனிக்கமாட்டார்கள்.

45ஆவது செக்கனில் சங்கை நேரடியாக வெடிக்கவிடாதீர்கள். அதற்கு 3 செக்கன் முன்பே பூச்சிச் சத்தத்தை நிறுத்திவிடுங்கள். காரணம் தெரியாத அமைதிதான் முதலில் தைக்கும்; சங்கு அதற்குப் பின் வந்தால் போதும். அதன் சுருதி ஏறி உச்சத்தைத் தொட்டதும், இறங்க விடாமல், காம்பராவின் தொலைக்காட்சிச் சத்தத்துக்கு வெட்டுங்கள். இறங்காத சங்கு பார்ப்பவரின் காதில் தொங்கிக்கொண்டே இருக்கும். அம்மாவின் குரலைப் படம் மாறுவதற்கு அரைச் செக்கன் முன்பே தொடங்குவதும் நல்லது.

அப்பாயியின் கட்டம் சற்றுக் கடினமானது. இரண்டாம் முறை சங்கு ஊதுவதைப் பார்ப்பவருக்குக் கேட்கச் செய்வதா? கேட்கச் செய்தால் அது பேய்தான் என்று உறுதியாகிவிடும். ஆகவே எதையும் கேட்கவிடாமல், படுத்திருக்கும் அப்பாயி தலையைத் தொழிற்சாலைப் பக்கம் மெல்லத் திருப்புவதை மட்டும் 5 செக்கன் வெட்டாமல் வைத்திருக்கப் பரிந்துரைப்பேன். பிறகு படங்கை முடியும் கை, கறுப்புக் கம்பளி, இஸ்தோப்பு என்ற முன்திண்ணையைத் தாண்டும் பாதங்கள். அந்த ஐந்து செக்கனைக் குறைக்கச் சொல்லிக் குழுவில் யாராவது கேட்பார்கள், விட்டுக்கொடுக்காதீர்கள்.

நிறத்தைச் சரிசெய்யும்போது எல்லாவற்றையும் நீலமாக்க வேண்டாம். வெளியே குளிர்ந்த நிறம், காம்பராவுக்குள் மஞ்சள் வெளிச்சம் என்ற வேறுபாடு இருந்தால்தான் அப்பாயி எந்த உலகத்திலிருந்து எந்த உலகத்துக்குப் போகிறார் என்பது தெரியும். தலைப்புக்கு இரத்தம் சொட்டும் எழுத்துரு வேண்டாம். நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற அமைதியான எழுத்துரு போதும். சில தொகுப்பு மென்பொருள்கள் கொம்புகளையும் புள்ளிகளையும் இடம் மாற்றிவிடும். அவ்வாறு நடந்தால் தலைப்பை வேறொரு மென்பொருளில் பின்னணியற்ற படமாகச் செய்து உள்ளே இடுங்கள்.

படி 7: சரிபார்த்தலும் வெளியிடலும்

உங்கள் பார்வையாளர்களில் பெரும்பாலோர் தொலைபேசியில்தான் பார்ப்பார்கள். அதன் ஒலிபெருக்கி ஆழ்ந்த உறுமல்களை வெளிப்படுத்தாது. எனவே உறுமலுக்குமேல் 200 ஹேர்ட்ஸைத் தாண்டிய ஒலியொன்றும் இருக்க வேண்டும். திரையின் பிரகாசத்தைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள். திறந்த யன்னல் தெரியாவிட்டால் படத்தின் இருண்ட பகுதிகளைச் சற்று வெளிச்சமாக்குங்கள்.

கதை தெரியாத சிலருக்குப் போட்டுக்காட்டி, "என்ன நடந்தது என்று நினைக்கிறீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள். எல்லோரும் ஒரே விடையைச் சொன்னால் எங்கோ அதிகமாக விளக்கிவிட்டீர்கள். பெரும்பாலும் அது வசனமாகத்தான் இருக்கும், ஒரு வரியை நீக்கிப் பாருங்கள். யாருக்குமே சங்குக்கும் அப்பாயிக்கும் உள்ள தொடர்பு புரியாவிட்டால், தலை திரும்பும் ஷொட்டுக்கு முன் தொழிற்சாலை தெரியும் யன்னலை ஒரு முறை காட்டுங்கள்.

1920 × 1080, 25 பிரேம், எச்.264 (காணொளியைச் சுருக்கும் முறை), செக்கனுக்கு 12 மெகாபிட் என்ற அளவில் வெளியே எடுத்தால் இரண்டு நிமிடக் கோப்பு ஏறத்தாழ 180 மெகாபைட் வரும். பதிவேற்றுவதற்கு முன், காம்பராவைத் தந்த குடும்பத்துக்கு ஒரு தடவை போட்டுக்காட்டுங்கள். சுவரில் தொங்கும் குடும்பப் படமோ கதவில் எழுதிய இலக்கமோ வெளியே தெரிவதை அவர்கள் விரும்பாமல் இருக்கலாம். அத்தகைய பகுதியைத் தொகுப்பிலேயே இருட்டாக்கிவிட முடியும்.