பழைய போலீஸ் கேஸை வக்கீல் வைத்து முடிப்பது எப்படி: ராமநாதபுரம் கடலோரத்தாருக்கு

பாஸ்போர்ட் விசாரணைக்குப் போலீஸ் வரும்போதுதான் பலருக்கும் பழைய கேஸ் நினைவுக்கு வருகிறது. தங்கச்சிமடத்தில் என்றைக்கோ உட்கார்ந்த சாலை மறியல், கீழக்கரையில் பக்கத்து வீட்டாரோடு வேலித் தகராறு, தொண்டிப் பக்கம் வலை அறுந்ததற்காக நடந்த கைகலப்பு. ஆள் மறந்துவிடுவார், ஸ்டேஷன் பதிவேடு மறக்காது.

“ரெக்கார்டையே அழித்துத் தருகிறேன்” என்று எவராவது சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். வயது வந்தவர் ஒருவரின் கைது விவரத்தை ஒரே மனுவில் எல்லா இடத்திலிருந்தும் நீக்கும் சட்டம் நம் நாட்டில் இல்லை. செய்ய முடிந்தவை இரண்டு. ஒன்று, கேஸை நீதிமன்ற உத்தரவால் முடிப்பது. இன்னொன்று, அந்த உத்தரவைப் பெயர் ஏறிய ஒவ்வொரு பதிவேட்டுக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பது. முதல் வேலையை வக்கீல் பார்ப்பார். இரண்டாவது வேலைக்கு ஆள் இல்லாமல் போவதால்தான், ஐந்து வருடத்துக்கு முன்பே ரத்தான கேஸ் இன்றைக்கும் விசாரணையில் ‘நிலுவை’ என்று வருகிறது.

முதலில் உங்கள் பெயரில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு எழுதி வாங்கி அனுப்பியிருந்தால் அது பெரும்பாலும் சி.எஸ்.ஆர். (புகார் வந்ததற்கான ஸ்டேஷன் பதிவு) மட்டுமே, அது வழக்கு அல்ல. போராட்டத்தில் பிடித்து, கல்யாண மண்டபத்தில் வைத்திருந்து சாயங்காலம் விட்டிருந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டிருக்கவும் கூடும், போடாமல் விட்டிருக்கவும் கூடும். இதை ஊகித்துக்கொண்டு உட்காரக் கூடாது. தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் ஸ்டேஷன், வருடம், குற்ற எண் போட்டால் எஃப்.ஐ.ஆர். பார்க்கலாம், சில வகை வழக்குகள் மட்டும் அதில் வராது. கோர்ட்டுக்குப் போய்விட்டதா என்று ‘இ-கோர்ட்ஸ்’ செயலியில் பெயரைப் போட்டுத் தேடுங்கள். ஆங்கிலத்தில் பெயரை நாலு விதமாக எழுதித் தேட வேண்டும். எழுதுகிற ஏட்டு காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். சி.சி. எண் இருந்தால் குற்றப்பத்திரிகை தாக்கலாகிவிட்டது என்று பொருள். எஸ்.டி.சி. எண் இருந்தால் சில்லறை வழக்கு. ஆர்.டி.ஓ. முன் நன்னடத்தைக்கு எழுதி வாங்கியது மட்டும்தான் என்றால் அது தண்டனை ஆகாது.

எஃப்.ஐ.ஆர்., குற்றப்பத்திரிகை, ஜாமீன் உத்தரவு, நீதிமன்ற நாட்குறிப்பு ஆகியவற்றின் சான்றிட்ட நகல்களுக்கு அந்தந்த நடுவர் (மாஜிஸ்திரேட்) நீதிமன்றத்தில் காப்பி அப்ளிகேஷன் போடுங்கள். இந்தக் கட்டு கையில் இல்லாமல் மதுரை உயர் நீதிமன்றக் கிளைக்குப் போவது வலை இல்லாமல் கடலுக்குப் போவது மாதிரி.

ஒரு வகையினருக்கு மட்டும் செய்தி நல்லதாக இல்லை. குடித்துவிட்டுத் தகராறு, சீட்டாட்டம் போன்ற சில்லறை வழக்குகளில் “ஒத்துக்கொண்டு ஃபைன் கட்டிவிடு, இன்றோடு முடிந்தது” என்று சொல்லி அனுப்புவார்கள். முடிந்தது உண்மைதான், ஆனால் தண்டனையாக முடிந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டவருக்கு, விதித்த தண்டனை சட்டப்படி சரியா, அளவு அதிகமா என்பதைத் தவிர மேல்முறையீட்டில் பேச இடமில்லை. சின்ன அபராதம் என்றால் மேல்முறையீடே கிடையாது. சீராய்வு மனுதான் வழி, அதற்குக் கெடு 90 நாள். கெடு தாண்டினால் தாமதத்துக்குக் காரணம் சொல்லித் தனி மனு போட வேண்டும். வெளிநாட்டு வேலையோ அரசு வேலையோ மனதில் இருக்கிற பையனை நூறு ரூபாய் அபராதத்துக்கு ஒப்புக்கொள்ள விடாதீர்கள்.

குற்றப்பத்திரிகையே வராமல் வருடக்கணக்கில் கிடக்கும் எஃப்.ஐ.ஆர்.தான் இந்தக் கரையில் அதிகம். இதற்குச் சட்டத்தில் காலவரம்பு இருக்கிறது. அபராதம் மட்டும் உள்ள குற்றத்துக்கு 6 மாதம். ஒரு வருடம் வரை சிறை உள்ளதற்கு 1 வருடம். மூன்று வருடம் வரை உள்ளதற்கு 3 வருடம். பழைய குற்றவியல் விசாரணை முறைச் சட்டத்தில் (கு.வி.மு.ச.) பிரிவு 468, இப்போது அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் 514. இந்திய தண்டனைச் சட்டத்தில் கெட்ட வார்த்தைக்கு 294(பி), அடிதடிக்கு 323, வழிமறித்ததற்கு 341 என்று மட்டும் இருந்தால் ஒரு வருடத்தில் காலம் கடந்துவிடும். ஆனால் கூடவே 506(2) என்று ஒன்றைச் சேர்த்திருப்பார்கள். கொலை மிரட்டல் என்ற அந்தப் பிரிவுக்கு ஏழு வருடம் வரை சிறை என்பதால் காலவரம்பு கிடையாது, வழக்கு முழுவதும் உயிரோடு இருக்கும். வாய்த்தகராறுக்கெல்லாம் 506(2) ஏன் வருகிறது என்று கேட்பவர்களுக்கு இது பாதிப் பதில். ஆகவே வக்கீலிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, புகாரை வரிவரியாகப் படித்தால் 506(2)க்கு உரிய சங்கதி அதில் இருக்கிறதா என்பதே. “உன்னை ஒழித்துவிடுவேன்” என்று கோபத்தில் சொன்னதாக ஒரு வரி மட்டும் இருந்தால், அதை வைத்து உயர் நீதிமன்றத்தில் வாதாட இடமுண்டு. 2024 ஜூலை 1 முதல் நடந்த சம்பவங்களுக்கு, தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பி.என்.எஸ். சட்டத்தின்படி பிரிவு எண்கள் மாறிவிட்டன. 294(பி) இப்போது 296(பி), 323 இப்போது 115(2), 506(2) இப்போது 351(3).

சில சமயம் போலீஸே “தவறான தகவல்”, “மேல் நடவடிக்கை கைவிடப்பட்டது” என்று எழுதி வழக்கை மூடியிருக்கும். ஸ்டேஷனில் வாய்வார்த்தையாக “குளோஸ் பண்ணியாச்சு” என்றால் நம்பி வந்துவிடாதீர்கள். அந்த இறுதி அறிக்கை நடுவரிடம் போய், புகார்தாரருக்கு நோட்டீஸ் சார்வாகி, நடுவர் ஏற்றுக்கொண்ட பிறகுதான் வழக்கு மூடப்பட்டதாகக் கொள்ள முடியும். அந்த உத்தரவின் நகலே உங்களுக்கு ஆதாரம்.

மதுரைக்குப் போவது

எஃப்.ஐ.ஆரை ரத்து செய்யும் அதிகாரம் ராமேஸ்வரம் கோர்ட்டுக்கோ திருவாடானை கோர்ட்டுக்கோ கிடையாது. உயர் நீதிமன்றத்துக்கு மட்டும் உண்டு. நம் மாவட்டத்துக்கு அது மேலூர் சாலையில் உள்ள மதுரைக் கிளை. முன்பு கு.வி.மு.ச. 482, இப்போது பி.என்.எஸ்.எஸ். 528. ஊர்ப்பேச்சில் ‘குவாஷ் போடுவது’. புகாரில் சொன்னதெல்லாம் உண்மை என்றே வைத்துக்கொண்டாலும் குற்றம் ஆகவில்லை, சட்டத் தடை இருக்கிறது, பழிவாங்கவே போட்ட புகார் என்பது போன்ற காரணங்களை உச்ச நீதிமன்றம் 1990லேயே ஒரு ஹரியானா வழக்கில் வகைப்படுத்திவிட்டது. “நான் அங்கே இல்லவே இல்லை, சாட்சி இருக்கிறது” என்பது இதில் பெரும்பாலும் எடுபடாது. அது கீழ்க்கோர்ட் விசாரணையில் பேச வேண்டிய சங்கதி.

மறியல் வழக்குகளுக்கு ஒரு நல்ல பிடி இருக்கிறது. அரசு ஊழியரின் உத்தரவை மீறியதாகச் சொல்லும் 188ஆம் பிரிவுக்கு (இப்போது 223) போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர். போட முடியாது, அந்த உத்தரவைப் போட்ட அதிகாரியோ அவருக்கு மேலுள்ளவரோ எழுத்து மூலம் நடுவரிடம் புகார் செய்ய வேண்டும் என்று மதுரைக் கிளையே 2018 செப்டம்பரில் விரிவாகத் தீர்ப்பளித்திருக்கிறது. மீனவர் விடுதலை கேட்டு உட்கார்ந்த வழக்குகளில் 143 (சட்டவிரோதக் கூட்டம்), 341, 188 மட்டும் இருந்தால் உங்கள் வக்கீல் இந்தத் தீர்ப்பை மேற்கோள் காட்டுகிறாரா என்று கவனியுங்கள். அரசு “போராட்ட வழக்குகள் வாபஸ்” என்று அறிவித்தால் மட்டும் போதாது. 2021 பிப்ரவரியில் ஊரடங்கு மீறல், ஜல்லிக்கட்டுப் போராட்ட வழக்குகள் குறித்து அப்படி அறிவிப்பு வந்தது. அறிவிப்புக்குப் பின், குற்றப்பத்திரிகை போன வழக்கு என்றால் அரசு வக்கீல் கோர்ட்டில் மனுப் போட்டு, கோர்ட் சம்மதித்தால்தான் வழக்கு முடியும். உங்கள் எண்ணுக்கு அது நடந்ததா என்று தனியாகப் பாருங்கள்.

எதிர்த்தரப்போடு சமாதானம் ஆகிவிட்டால் வேலை சுலபம், ஆனால் ஒரு சிக்கல் உண்டு. 323, 341, 506 போன்றவற்றைக் கீழ்க்கோர்ட்டிலேயே சமரசம் செய்யலாம். 294(பி), 324 (ஆயுதத்தால் காயப்படுத்துவது) இரண்டும் சமரசப் பட்டியலில் இல்லை. அவை சேர்ந்திருந்தால் புகார்தாரர் கோர்ட்டில் நின்று “எனக்கு ஆட்சேபணை இல்லை” என்றாலும் நடுவரால் முடித்துவைக்க முடியாது. மதுரைக்குத்தான் வர வேண்டும். தனிப்பட்ட தகராறாக இருந்தால் சமரசத்தின் பேரில் ரத்து செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 2012இல் சொல்லியிருக்கிறது. இதற்குக் கூட்டுச் சமரச மனு, இருதரப்பு ஆதார் நகல், புகார்தாரர் பிரமாணப் பத்திரம் வேண்டும். ஸ்டேஷனிலிருந்து ஒருவர் வந்து ஆட்களை அடையாளம் காட்டுவார். காயம்பட்ட எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் சவுதியில் இருக்கிறார் என்றால் அவருக்கு என்ன ஏற்பாடு என்பதை முன்கூட்டியே வக்கீலிடம் பேசிக்கொள்ளுங்கள். இருதரப்பும் ஒருவர் மேல் ஒருவர் கொடுத்த எதிர் வழக்கு இருந்தால் இரண்டையும் ஒன்றாகப் போடுங்கள். தன் கேஸ் முடிந்ததும் அடுத்த தரப்பு கையெழுத்துக்கு இழுத்தடிப்பது வாடிக்கை.

கெட்டுப்போகும் இடங்கள் சிலவற்றைச் சொல்லிவிடுகிறோம். பன்னிரண்டு பேர் மேல் உள்ள எஃப்.ஐ.ஆரில் இரண்டு பேர் மட்டும் மனுப் போட்டால், உத்தரவு ‘மனுதாரர்களைப் பொறுத்தவரை’ என்று வரலாம், மீதிப் பத்துப் பேருக்குக் கேஸ் அப்படியே நிற்கும். சேர்ந்து போடுங்கள், செலவும் பங்காகும். குவாஷ் போட்டிருப்பதால் கீழ்க்கோர்ட் வாய்தாவுக்குப் போக வேண்டாம் என்று நினைத்துக் கடலுக்குப் போனவர்கள் திரும்பி வந்தபோது பிடிவாரண்ட் காத்திருக்கும். மனுவோடு இடைக்காலத் தடையோ நேரில் ஆஜராவதிலிருந்து விலக்கோ கேட்கச் சொல்லுங்கள். அது கிடைக்கும் வரை ஒவ்வொரு வாய்தாவுக்கும் போங்கள்.

காலத்தையும் கணக்குப் பாருங்கள். விசைப்படகுக்காரர்கள் மீன்பிடித் தடைக்காலத்தில் கோர்ட் வேலையை முடித்துக்கொள்ளலாம் என்று நினைப்பார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். ஆனால் நடுவில் மே மாதம் உயர் நீதிமன்றக் கோடை விடுமுறை. பிப்ரவரியிலேயே நகல்கள் வாங்கி, மார்ச்சில் மனுவைத் தாக்கல் செய்து எண் வாங்கிவிட்டால்தான் தடைக்கால ஓய்வு பயன்படும்.

வக்கீலை ஊரிலேயே ஒருவர், மதுரையில் ஒருவர் என்று வைப்பதே நடைமுறை. ஊர் வக்கீல் கட்டைத் தயார் செய்து அனுப்புவார். மொத்தம் எவ்வளவு, அதில் சான்றிட்ட நகல் எடுப்பது சேருமா என்று முதல் நாளே கேளுங்கள். பீஸ் கட்ட முடியாதவர்கள் ராமநாதபுரம் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்கள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்ப்பதில்லை. தொலைபேசி எண் 15100.

உத்தரவு வந்த பிறகு

சான்றிட்ட நகல் குறைந்தது நாலு வாங்குங்கள். ஒன்று ஸ்டேஷனுக்கு, ஒன்று கீழ்க்கோர்ட்டுக்கு, ஒன்று எஸ்.பி. அலுவலகத்தில் உள்ள மாவட்டக் குற்ற ஆவணப் பிரிவுக்கு. ஒன்றை வீட்டில் வையுங்கள். ஸ்டேஷனுக்குப் பதிவுத் தபாலில், குற்ற எண்ணும் ரத்தான மனு எண்ணும் குறிப்பிட்டு, கணினிப் பதிவில் வழக்கின் நிலையைத் திருத்தும்படி கேட்டு ஒரு பக்கக் கடிதத்தோடு அனுப்புங்கள். ஒப்புகை அட்டையைப் பத்திரமாக வையுங்கள். ஒரு மாதம் கழித்து மீண்டும் பாருங்கள். எஃப்.ஐ.ஆரில் உள்ள பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் ஓர் எழுத்து வேறுபட்டாலும், இரண்டும் ஒருவரே என்று ஒரு பிரமாணப் பத்திரம் தயார் செய்துகொள்ளுங்கள். ரவுடி ஷீட் திறந்திருந்தால் அது தனிப் பதிவேடு, கேஸ் ரத்தானதும் தானாக மூடாது. அதை மூடச் சொல்லி எஸ்.பி.க்கு மனு, பதில் இல்லாவிட்டால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு.

கைரேகை, புகைப்படம் எடுத்திருந்தால் 2022ஆம் ஆண்டுக் குற்றவியல் அடையாளச் சட்டம் பொருந்தும். அந்தப் பதிவுகளை 75 வருடம் வைத்திருக்கலாம். ஆனால் முன்பு தண்டனை பெறாத ஒருவர் விசாரணையின்றி விடுவிக்கப்பட்டாலோ, குற்றச்சாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டாலோ, விடுதலையானாலோ, மேல்முறையீட்டு வழிகள் எல்லாம் முடிந்தபின் அழிக்க வேண்டும், நீதிமன்றம் காரணம் எழுதி வேறு உத்தரவு போட்டால் தவிர. இதற்கு மாநில அரசு நியமித்த பொறுப்பு அதிகாரிக்கு எழுத்தில் கோரிக்கை கொடுக்க வேண்டும். ‘அழிப்பது’ என்ற சொல்லுக்கு உண்மையாகப் பக்கத்தில் வருவது இதுவும், சிறார் வழக்கும்தான். சம்பவத்தின்போது 18 வயது நிறையாதவருக்கு, மேல்முறையீட்டுக் காலம் முடிந்தபின் பதிவுகளை அழிக்க 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 24ஆம் பிரிவு வழிசெய்கிறது. 16 வயது தாண்டி, கொடுங்குற்றத்தில் வயது வந்தவராகவே விசாரிக்கப்பட்டுக் குற்றவாளி என்று தீர்ப்பானவர்கள் மட்டும் விலக்கு.

போலீஸ் தேர்வுக்குப் படிக்கும் பையன்கள் வீட்டில் இருந்தால் இதைக் கவனியுங்கள். சாட்சி பிறழ்ந்ததாலோ சந்தேகத்தின் பலனாலோ விடுதலையானவரை, தமிழ்நாடு காவல் பணி விதிகள் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதுகின்றன. கீழ்க்கோர்ட்டில் புகார்தாரரைப் பேசிப் பிறழவைத்து ‘ஈசியாக’ முடித்த கேஸ், வேலைக்கு நிற்கும்போது கழுத்தைப் பிடிக்கும். தீர்ப்பின் கடைசிப் பத்தியில் எந்த வார்த்தையில் விடுதலை என்பது அவ்வளவு முக்கியம். விண்ணப்பத்தில் ‘வழக்கு உண்டா’ என்று கேட்டால், ரத்தான வழக்காக இருந்தாலும் எழுதி நகலை இணையுங்கள். மறைத்தது தெரிந்தால், வழக்கை விட மறைத்ததே பெரிதாகிவிடும்.

பாஸ்போர்ட்டுக்குக் கேஸ் முடியும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. வெறும் எஃப்.ஐ.ஆர். மட்டும் இருந்தால் அது நீதிமன்றத்தில் நிலுவையிலுள்ள வழக்கு ஆகாது. குற்றப்பத்திரிகை கோப்புக்கு எடுக்கப்பட்டிருந்தால், அந்த நடுவரிடமே அனுமதி மனுப் போடுங்கள். 1993 ஆகஸ்ட் 25 அறிவிக்கையின்படி கோர்ட் குறிப்பிடும் காலத்துக்கு பாஸ்போர்ட் கிடைக்கும். காலம் குறிப்பிடாவிட்டால் ஒரு வருடத்துக்குத்தான் என்பதால், எத்தனை வருடம் என்று உத்தரவில் எழுத வைக்க வேண்டும்.

கடல் அட்டை (பிடிக்கத் தடையுள்ள கடல் உயிரினம்) வழக்கில் சிக்கியவர்களுக்கு மேலே சொன்னது அப்படியே பொருந்தாது. வனத்துறை பதிந்த வழக்காக இருந்தால் அதில் எஃப்.ஐ.ஆரே இருக்காது, வனச்சரகர் நேராக நடுவரிடம் புகார் செய்வார். குறைந்தபட்சச் சிறை விதித்துள்ள குற்றத்தை வனத்துறையிடம் பணம் கட்டிச் சமரசம் செய்யவும் வழியில்லை. வன உயிரின வழக்கு நடத்திய வக்கீலைத் தேடுங்கள். இலங்கைக் கடற்படை பிடித்து அங்கே ஒத்திவைத்த தண்டனையோடு திரும்பியவர்களின் பதிவை மதுரையில் தொட முடியாது, அது அந்த நாட்டு நீதிமன்றத்தின் பதிவு. ஒத்திவைத்த காலத்துக்குள் மறுபடி பிடிபட்டால் பழைய தண்டனையும் சேரும் என்பதால் அந்தத் தேதியைப் படகு உரிமையாளரிடமும் சொல்லி வையுங்கள்.

இணையத்தில் தேடினால் தீர்ப்பில் பெயர் வருகிறதே என்பதற்கு இப்போதைக்குத் திடமான வழி இல்லை. விடுதலையானவரின் பெயரை மறைக்கச் சொல்லி 2024 பிப்ரவரியில் மதுரைக் கிளை உத்தரவிட்டது. அதே வருடம் ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. மனு தாக்கல் செய்யும்போதே பெயரை மறைத்து வெளியிடக் கோரலாமா என்று வக்கீலிடம் கேட்டு வையுங்கள்.