புரோப்பின் ஒலிப்புலத்தைக் கணக்கில் பிடிக்கும் வழி

சூரமங்கலத்தில் என் பட்டறைக்கு எஃகு சாமான்கள் அல்ட்ராசோனிக் சோதனைக்கு வரும்; புரோப் என்ற கருவியால் காதுக்குக் கேட்காத ஒலியை உள்ளே அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியை (எக்கோ) வைத்து உள்ளே உள்ள குறைகளைத் தேடுவது. ஒருநாள் சோதனைக் கட்டையில் 8 மி.மீ. ஆழத்தில் இருந்த துளையின் எக்கோ, 17 மி.மீ. ஆழத்தில் அதே அளவில் இருந்த துளையைவிடச் சின்னதாக வந்தது. புரோப் பழுது என்று ஒதுக்கி வைத்துவிட்டேன். புரோப் நன்றாகத்தான் இருந்தது. ஒலி அப்படித்தான் பரவும் என்பது கணக்குப் போட்டபோதுதான் புரிந்தது.

முதலில் நோட்டில் மூன்றே எண்கள். எஃகில் ஒலி வேகம் விநாடிக்கு 5,920 மீட்டர். 4 மெகாஹெர்ட்ஸ் என்றால் அலைநீளம் 1.48 மி.மீ. புரோப்புக்குள் ஒலியை எழுப்பும் படிகத்தின் விட்டம் 10 மி.மீ. விட்டத்தின் வர்க்கத்தை அலைநீளத்தின் 4 மடங்கால் வகுத்தால் சுமார் 17 மி.மீ.; அதுதான் நியர் ஃபீல்டு, அதாவது புரோப்புக்குப் பக்கத்தில் ஒலி ஏறி இறங்கும் பகுதியின் நீளம். படிகத்தின் அளவைத்தான் போட வேண்டும். நான் வெர்னியரில் வெளி உறையை அளந்து 15 என்று போட்டுவிட்டு, விடை 38 என்று வந்து ஒரு மாலை முழுக்கத் தடுமாறினேன்.

அப்புறம் ரேலி முறை. படிகத்தின் முகத்தைப் பொடிப்பொடியாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டும் தனித்தனியாக அலை அனுப்புவதாக எடுத்துக்கொண்டு கூட்டுவதுதான் அது. சேலத்திலிருந்து ஒருவர் அடிவாரம் வழியாகவும் இன்னொருவர் குப்பனூர் வழியாகவும் ஏற்காடு ஏறினால் ஒரே நேரத்தில் போய்ச் சேரமாட்டார்கள் இல்லையா? துண்டுகளிலிருந்து வரும் அலைகளும் அப்படித்தான். அந்தத் தூர வித்தியாசம்தான் மொத்தக் கணக்கும்.

நடு அச்சுக்கு, அதாவது முகத்தின் மையத்திலிருந்து நேராகப் போகும் கோட்டுக்கு, எக்செல் போதும். 0.2 மி.மீ. அகலத்தில் 25 வளையம், 25 வரிசை. வளையத்தின் பரப்பை, அங்கிருந்து அச்சில் நீங்கள் கணக்குப் போடும் புள்ளிவரை உள்ள தூரத்தால் வகுங்கள். அந்தத் தூரத்தை அலைநீளத்தால் வகுத்து 2π-ஆல் பெருக்கினால் வருவது கட்டக் கோணம் (ஃபேஸ்). வகுத்து வந்த விடையை அதன் கோசைனால் பெருக்கி ஒரு பத்தி, சைனால் பெருக்கி இன்னொரு பத்தி. இரண்டு பத்தியின் கூட்டுத்தொகைகளையும் வர்க்கப்படுத்திக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, அலைநீளத்தால் வகுத்தால் முக அழுத்தத்தைப்போல் எத்தனை மடங்கு என்று தெரியும். சதுரக் கட்டமாக வெட்டாதீர்கள். விளிம்பு படிக்கட்டுபோல் ஆகிவிடும். விளிம்புதான் இங்கே முக்கியம்.

ஏன் என்றால், அச்சில் ஒரு புள்ளிக்கு இரண்டு அலை வருவதாகவே வைத்துக்கொள்ளலாம்: முகத்திலிருந்து நேராக ஒன்று, விளிம்பிலிருந்து தலைகீழாக ஒன்று. இரண்டின் தூர வித்தியாசம் அரை அலைநீளமானால் இரட்டிப்பு, முழு அலைநீளமானால் பூஜ்யம். நம் புரோப்புக்கு 16.5 மி.மீ.யில் விடை 2 வரவேண்டும், 7.7 மி.மீ.யில் பூஜ்யத்தை ஒட்டி வரவேண்டும். இந்த இரண்டும் வராமல் ஒலிப்புலத்தைக் கலர் படமாகப் போடவே போடாதீர்கள். படம் அழகாக இருக்கும், கணக்கு தப்பாக இருக்கும்.

சரி வந்தபின், வளையங்களைச் சிறு துண்டுகளாக்கினால் சுமார் 1,960 துண்டு ஆகும். அச்சுக்கு வெளியே உள்ள புள்ளிகளுக்குப் பைத்தான் எடுத்துக்கொள்ளுங்கள். தூரத்தில் ஒலிக் கற்றையின் முதல் பூஜ்யம் அச்சிலிருந்து 10.4 பாகையில் விழ வேண்டும்.

இந்தக் கணக்கு எஃகைத் திரவம்போல் பாவிக்கிறது; போகும் திசைக்குக் குறுக்காக அதிரும் குறுக்கலை இதில் வராது. நேர் புரோப்புக்கு இது போதும், கோணப் புரோப்புக்குப் போதாது. நிஜப் புரோப் அனுப்புவதும் இரண்டு மூன்று சுற்றுள்ள துடிப்புதான்; அதில் பல அதிர்வெண்கள் கலந்திருக்கும். 3 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் வரை தனித்தனியாக ஓட்டி, துடிப்பில் அந்தந்த அதிர்வெண்ணின் பங்குக்கேற்ப விடைகளின் வர்க்கங்களைக் கூட்டுங்கள். பூஜ்யம் நிரம்பிப் பள்ளமாக மாறும், ஆனால் மறையாது. அந்தப் பள்ளத்தில்தான் என் 8 மி.மீ. துளை இருந்தது. இப்போது அவ்வளவு மேலே உள்ள குறைகளைத் தேட ஒரு படிகம் அனுப்ப, இன்னொன்று வாங்கும் இரட்டைப் படிகப் புரோப்பைத்தான் எடுக்கிறேன்.