அரசுத் தணிக்கையாளர் ஆக எந்த வாசல் வழியாகப் போவது?

"ஆடிட்டர் ஆகணும், எந்தப் பரீட்சை எழுதலாம்?" என்று கேட்டு வரும் பிள்ளைகளிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: யாருடைய கணக்கை, யாருக்காகப் பார்க்கப் போகிறாய்? பெரும்பாலும் பதில் வராது. சி.ஏ. முடித்து கம்பெனிக் கணக்கில் கையெழுத்துப் போடும் ஆடிட்டர் வேறு. அரசாங்கப் பணம் முறையாகச் செலவானதா என்று பார்க்கிற தணிக்கையாளர் வேறு. இந்த இரண்டாவது வேலைக்கு சி.ஏ. கட்டாயமில்லை, ஒரு பட்டம் இருந்தால் வாசல் வரை போகலாம். நான் உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறையில் உதவி ஆய்வாளராகச் சேர்ந்து ஓய்வு பெற்றவள். என் அண்ணன் மகள் ஏ.ஜி. ஆபீசில், அதாவது அக்கவுண்டன்ட் ஜெனரல் என்கிற மாநிலக் கணக்காயர் அலுவலகத்தில் இருக்கிறாள். ரெண்டு பேருக்கும் ஒரே வேலைதானே என்று சொந்தக்காரர்கள் நினைக்கிறார்கள். அப்படி இல்லை.

முதலில் ஏ.ஜி. ஆபீஸ். சென்னை தேனாம்பேட்டையில், அண்ணா சாலையிலேயே இருந்தாலும் அது மத்திய அரசு அலுவலகம். நம் நாட்டில் மாநிலத்துக்கென்று தனியாக ஒரு தலைமைத் தணிக்கையர் கிடையாது. தமிழ்நாடு அரசின் வரவு செலவையும் தணிக்கை செய்வது டெல்லியில் உள்ள சி.ஏ.ஜி. என்கிற இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையரின் கீழ் வரும் ஆட்கள்தான். அந்தப் பதவி அரசியலமைப்பின் 148ஆவது பிரிவில் வருகிறது. 151ஆவது பிரிவுப்படி மாநிலத்தைப் பற்றிய அறிக்கை ஆளுநருக்குப் போகும், அவர் அதைச் சட்டமன்றத்தில் வைக்கச் செய்வார், அப்புறம் சட்டமன்ற உறுப்பினர்களைக் கொண்ட பொதுக் கணக்குக் குழு துறைச் செயலாளர்களைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்கும். ஏ.ஜி. ஆபீசிலேயே இரண்டு பிரிவு உண்டு. ஒன்று மாநிலத்தின் கணக்கைத் தொகுத்து, பென்ஷன், ஜி.பி.எஃப். (அரசு ஊழியர் வருங்கால வைப்பு நிதி) வேலைகளைப் பார்க்கிறது. மற்றதுதான் தணிக்கை. முதல் பிரிவில் 'அக்கவுண்டன்ட்', இரண்டாவதில் 'ஆடிட்டர்'.

அடுத்தது மாநில அரசின் சொந்தத் தணிக்கைத் துறைகள். மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி ஒன்றியம், பல்கலைக்கழகம் இவற்றுக்கு உள்ளாட்சி நிதித் தணிக்கை. கூட்டுறவுச் சங்கங்களுக்குக் கூட்டுறவுத் தணிக்கை. கோயில்களுக்கு இந்து சமய அறநிலையத் தணிக்கை. ஒவ்வொன்றுக்கும் தனிச் சட்டம் பலம். கூட்டுறவில் 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின் 80ஆவது பிரிவு தணிக்கை, 81 விசாரணை, 87 தண்டத்தீர்வை, அதாவது நஷ்டத்தை அதற்குக் காரணமானவரிடமே வசூலிப்பது. சங்கத்து ஆட்கள் "எண்பத்தொண்ணு போட்டுட்டாங்க" என்று பேசிக்கொள்வது இதைத்தான். கூட்டுறவுத் தணிக்கைக்குப் போனால் நகைக்கடன் பைகளைப் பிரித்து எடை பார்ப்பதும் உங்கள் வேலையில் சேரும்.

என் அண்ணன் மகள் என்னைச் சீண்டுவாள்: "அத்தை, உங்க துறை நிதித்துறைக்குக் கீழே. அரசாங்கமே அரசாங்கத்தைத் தணிக்கை பண்ணுது." அது உண்மைதான். சி.ஏ.ஜி.க்கு உள்ள பாதுகாப்பு எங்கள் இயக்குநருக்குக் கிடையாது. சி.ஏ.ஜி.க்குப் பதவிக்காலம் 6 ஆண்டு அல்லது 65 வயது, எது முந்தியோ அதுவரை. உச்ச நீதிமன்ற நீதிபதியை நீக்குகிற அதே கடினமான வழியில்தான் அவரை நீக்க முடியும். ஓய்வுக்குப் பிறகு மத்தியிலோ மாநிலத்திலோ வேறு பதவி ஏற்க முடியாது. ஆனால் அவளிடம் நான் திருப்பிச் சொல்வது: அவரைத் தேர்ந்தெடுப்பது யார்? குடியரசுத் தலைவர் நியமிக்கிறார், பெயரைச் சொல்வது ஆளும் அரசு. தேர்வுக் குழு என்று சட்டத்தில் ஒன்றுமில்லை, இன்ன தகுதி வேண்டும் என்றும் இல்லை. இப்போதைய கே. சஞ்சய் மூர்த்தி 2024 நவம்பரில் அப்படித்தான் வந்தார், அவருக்கு முன்பிருந்தவர்களும் அப்படித்தான். இந்த முறையை மாற்றச் சொல்லி 2025இல் உச்ச நீதிமன்றத்துக்கு வழக்கே போனது. ஆக, கையைக் கட்டாத தணிக்கை என்று எங்கும் முழுசாக இல்லை. என் கணக்கில், ஏ.ஜி. தணிக்கைக்குக் குரல் பெரிது. எங்கள் தணிக்கைக்குப் பார்வை கிட்டம். தெருவிளக்கு பல்ப் வரைக்கும் பார்க்கிறவர்கள் நாங்கள்.

சரி, தேர்வுக்கு வருவோம்.

மாநிலத் துறைகளுக்கு டி.என்.பி.எஸ்.சி. (தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம்) நடத்தும் தொகுதி 2, 2ஏ ஒருங்கிணைந்த தேர்வு. உள்ளாட்சி நிதித் தணிக்கையின் உதவி ஆய்வாளர், அறநிலையத் தணிக்கையின் தணிக்கை ஆய்வாளர் போன்ற பணியிடங்கள் அந்தப் பட்டியலில் வரும். முதல்நிலைத் தேர்வு 200 கேள்வி, 300 மதிப்பெண். முதன்மைத் தேர்வில் தமிழ்த் தகுதித் தாள் உண்டு. அதில் நூற்றுக்கு 40 எடுக்காவிட்டால் மற்றத் தாளைத் திருத்தவே மாட்டார்கள். கடைசியில் தரவரிசைப்படி கலந்தாய்வு. இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். கூட்டுறவுச் சங்கங்களின் முதுநிலை ஆய்வாளர் என்ற பதவியைத் தணிக்கை என்று நினைத்து எடுப்பார்கள். அது கூட்டுறவுத் துறையின் நிர்வாகப் பணி. எந்தப் பதவி எந்தத் துறையில் வருகிறது என்று ஒரு தாளில் எழுதி, விருப்ப வரிசையோடு கையில் வைத்துக்கொண்டு போங்கள். உங்கள் முறை வந்தபின் யோசிக்க அவகாசம் கிடைக்காது.

ஏ.ஜி. ஆபீசுக்கு எஸ்.எஸ்.சி. என்கிற மத்தியப் பணியாளர் தேர்வாணையம் பட்டதாரிகளுக்கு நடத்தும் சி.ஜி.எல். தேர்வு. ஆங்கிலம் அல்லது இந்தியில் மட்டும். ஆடிட்டர் பதவிக்குச் சம்பள நிலை 5, அடிப்படை 29,200 ரூபாயில் தொடக்கம். உதவித் தணிக்கை அதிகாரி நிலை 8, தொடக்கம் 47,600. ஆடிட்டராகச் சேர்ந்து, உள்ளே எஸ்.ஏ.எஸ். என்ற துறைத் தேர்வை முடித்தும் அந்த இடத்துக்குப் போகலாம். கஷ்டமான தேர்வு, ஆனால் நிறையப் பேர் முடிக்கிறார்கள். விருப்பம் குறிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பாதுகாப்புக் கணக்குத் துறையிலும் 'ஆடிட்டர்' என்ற பதவி இருக்கிறது. அங்கே போனால் ராணுவத்தின் பில்லும் சம்பளமும் பார்ப்பீர்கள். பதவிப் பெயரை மட்டும் பார்க்காமல் 'சி.ஏ.ஜி. அலுவலகங்கள்' என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். யு.பி.எஸ்.சி. வழியாக ஐ.ஏ. அண்டு ஏ.எஸ். (இந்தியத் தணிக்கை, கணக்குப் பணி) அதிகாரியாகவும் வரலாம். பயிற்சி சிம்லாவில்.

இனி, வேலை எப்படி இருக்கும் என்பது. இதைத் தெரிந்துகொள்ளாமல் யாரும் எந்த விண்ணப்பமும் போட வேண்டாம்.

நகராட்சிக்குள் நுழைந்ததும் நாங்கள் கேட்பவை: ரொக்கப் புத்தகம், செலவுச்சீட்டுகள், வங்கிக் கணக்கு விவரம், எவ்வளவு வரி வரவேண்டும், எவ்வளவு வந்தது, எவ்வளவு பாக்கி என்று காட்டும் கேட்பு வசூல் நிலுவைப் பதிவேடு, முடிந்த வேலையின் அளவுகளை எழுதும் எம்-புக் என்கிற அளவுப் புத்தகம், இருப்புப் பதிவேடு. கேட்டதெல்லாம் உடனே வராது. "அது எடுக்கிற ஆள் லீவுல இருக்காருங்க" என்று வரும். கேட்டதை எழுத்தில், தேதி போட்டுக் கேளுங்கள். வாய்மொழிக் கோரிக்கைக்குக் கோப்பில் தடயம் இல்லை.

பதிவேடுகளைத் தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் சுத்தமாகத்தான் இருக்கும். ஒன்றை மற்றொன்றின் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில்தான் தணிக்கை இருக்கிறது. சாலைக்கு எம்-புக்கில் அளவெடுத்த தேதியும் வேலை உத்தரவு கொடுத்த தேதியும் எப்படி நிற்கின்றன? ஒரே கடையில், ஒரே வாரத்தில், ஒரே பொருளுக்கு மூன்று சின்ன பில் இருந்தால், டெண்டர் வரம்பைத் தாண்டாமல் இருக்கப் பிரித்தார்களா? 1998ஆம் ஆண்டு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தை ஒருமுறை முழுக்கப் படித்து வையுங்கள், ஆயுசுக்கும் உதவும்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் கொடுத்துவந்த பயிற்சி இது. பிளீச்சிங் பவுடர் 50 மூட்டைக்குப் பணம் கொடுத்திருக்கிறார்கள், இருப்புப் பதிவேட்டில் 40தான் வரவு என்று வைத்துக்கொள்ளுங்கள். தணிக்கைத் தடை, அதாவது கண்ட குறையைச் சொல்லி விளக்கம் கேட்கும் குறிப்பு எழுதுங்கள். பத்தில் எட்டுப் பேர் "கொள்முதலில் முறைகேடு நடந்துள்ளதாகத் தெரிகிறது" என்று ஆரம்பிப்பார்கள். அடித்துவிடுவேன். நீங்கள் போலீஸ் இல்லை. செலவுச்சீட்டு எண், தேதி, தொகை, இருப்புப் பதிவேட்டின் பக்க எண், வரவான அளவு, வித்தியாசம் 10 மூட்டை, அதன் மதிப்பு இவ்வளவு, எந்த விதிப்படி வரவு வைத்திருக்க வேண்டும், விளக்கம் தேவை. அவ்வளவுதான். பதில் வந்து, அதையும் சேர்த்துப் படித்தபின் நிற்கிற தடைதான் தடை. 'முறைகேடு' மாதிரி அடைமொழி போட்ட தடை, தணிக்கையும் அந்த அலுவலகமும் சேர்ந்து உட்கார்ந்து தடைகளைப் பேசும் கூட்டு அமர்வில் முதல் சுற்றிலேயே விழும்.

வீட்டிலிருந்தபடி பழக ஒரு வழி உண்டு. சி.ஏ.ஜி. இணையதளத்தில் தமிழ்நாடு அறிக்கைகள் இலவசமாகக் கிடைக்கும். ஒரே ஒரு பத்தியை எடுங்கள். விதி என்ன, நடந்தது என்ன, ஏன் நடந்தது, அரசுக்கு என்ன நஷ்டம், துறை சொன்ன பதில் என்ன, அதைத் தணிக்கை ஏன் ஏற்கவில்லை என்று ஆறு இடங்களிலும் கோடு போடுங்கள். சில பத்திகளுக்கு அப்புறம் கண் தானாகத் தேட ஆரம்பிக்கும். பயிற்சி மையத்தில் இதெல்லாம் சொல்லித் தரமாட்டார்கள்.

ஊர் ஊராகப் போகிற வேலை இது. தணிக்கைக் குழுவோடு வாரக்கணக்கில் வெளியூரில் தங்க நேரும். பெண்களுக்குத் தங்குமிடமும் கழிப்பறையும் எல்லா ஊரிலும் சரியாக அமையாது. இதை ஒளிக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு யாரும் சொல்லவில்லை. சாப்பாட்டு விஷயம் இன்னொன்று. மதியம் பிரியாணிப் பொட்டலம் மேசைக்கு வரும், நல்ல மனசோடும் வரலாம். டிபன் பாக்ஸ் கொண்டுபோகிற பழக்கத்தை முதல் நாளே வைத்துக்கொண்டால் மறுக்கிற சங்கடம் இல்லை. டீ வரைக்கும் பரவாயில்லை என்பது என் கொள்கை; அதையும் தொடாத அதிகாரிகளைப் பார்த்திருக்கிறேன்.

சேர்ந்தவுடன் துறைத் தேர்வுகள் காத்திருக்கும். டி.என்.பி.எஸ்.சி. மே, டிசம்பர் மாதங்களில் நடத்துகிறது. சார்நிலை அலுவலர்களுக்கான கணக்குத் தேர்வு பகுதி 1ஐ எழுதாமல் மேலே போக முடியாது. புத்தகம் வைத்துக்கொண்டே எழுதலாம் என்றதும் பலர் படிக்காமல் போய்விடுகிறார்கள். நிதி விதித் தொகுப்பும் கருவூல விதித் தொகுப்பும் தடிமனானவை. எந்த விதி எங்கே இருக்கிறது என்று தேடுவதிலேயே நேரம் போய்விடும். முக்கியமான விதிகளின் பக்கங்களை முன்னமே மனதில் பதித்துக்கொண்டு, வேலைக்குச் சேர்ந்து முதலில் வருகிற தேர்விலேயே எழுதிவிடுங்கள். கல்யாணம், குழந்தை என்று ஆனபின் உட்கார நேரம் கிடைப்பது கஷ்டம்.