ரீல்ஸைத் திட்டுவதற்கு முன்னால், வீட்டில் நாம் செய்யும் தவறுகள்

போன மாதம் மதுரை செல்லூரில் ஒரு ஃபிளெக்ஸ் கடையில் உட்கார்ந்திருந்தேன். சடங்கு வீட்டுக்கு பேனர் அடிக்க ஒரு அம்மா மகளோடு வந்திருந்தார். டிசைன் போடும் பையன் பிள்ளையின் போட்டோவைத் திரையில் பெரிதாக்கியதுமே, "தம்பி, கொஞ்சம் கலர் ஏத்தி விடுப்பா" என்றார். அவனுக்கு அது தினமும் செய்கிற வேலை. கன்னம் வெளுத்தது, கழுத்து மட்டும் பழைய நிறத்திலேயே நின்றது, அப்புறம் அதையும் வெளுத்தான். அந்தப் பிள்ளை நாற்காலிக்குப் பின்னால் நின்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு தன் கையைத் திருப்பிப் பார்த்தது. அவ்வளவுதான், ஒன்றும் பேசவில்லை. எனக்கு மனசு ஆறவே இல்லை.

இன்ஸ்டாகிராம் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று எல்லோரும் சொல்கிறோம், அதில் உண்மையும் இருக்கிறது. 2021-இல் வெளியே கசிந்த, இன்ஸ்டாகிராமை நடத்தும் ஃபேஸ்புக் நிறுவனத்தின் சொந்த ஆய்வில், தங்கள் உடம்பை நினைத்து ஏற்கெனவே வருந்திய பதின்வயதுப் பெண்களில் 32 சதவீதம் பேர், இன்ஸ்டாகிராம் அந்த வருத்தத்தைக் கூட்டியது என்று சொல்லியிருந்தார்கள். ஆனால் சிவப்புதான் அழகு என்பதைப் போன் கண்டுபிடிக்கவில்லை. 'ஃபேர் அண்ட் லவ்லி' 1975-இல் வந்தது, 2020-இல்தான் பேரில் இருந்த 'ஃபேர்' போனது. அந்த 45 வருஷமும் அதை வாங்கி அலமாரியில் வைத்தது நாம்தான். விசேஷ வீட்டு வாசலிலேயே "என்னத்தா இப்படிக் கருத்துப் போயிட்ட?" என்று கேட்கிறோம், "வெயில்ல விளையாடாத" என்கிறோம், பேனரில் முகத்தை வெளுக்கிறோம். இதையெல்லாம் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு ரீல்ஸில் வரும் வெள்ளை முகம் புதுச் செய்தியே இல்லை, வீட்டில் சொன்னது சரிதான் என்பதற்குச் சாட்சி. நிறுத்த வேண்டிய முதல் தவறு இதுதான்.

போனைப் பிடுங்குவது அடுத்த தவறு. பிள்ளை தோழியின் போனில் பார்க்கும், நம்மிடம் சொல்லாது.

"அதெல்லாம் ஃபில்டர், நம்பாத" என்று ஒரே வரியில் முடித்துவிடுவதும் அப்படித்தான். மாடலின் உடம்பை மாற்றித் திருத்திய விளம்பரப் படத்தில் அதைச் சொல்லியே ஆகவேண்டும் என்று பிரான்ஸ் 2017-லிருந்து கட்டாயமாக்கியது. ஆனால் அப்படி எழுதிவைத்தாலும் பார்ப்பவர்கள் தங்களோடு ஒப்பிடுவது பெரிதாகக் குறைவதில்லை என்றுதான் பல ஆய்வுகள் காட்டின. பொய் என்று தெரிந்தாலும் மனசு ஒப்பிடத்தான் செய்யும். அதனால் சொல்லிக்கொண்டே இருக்காமல் பிள்ளையையே செய்துபார்க்க வைக்க வேண்டும்.

என் அக்கா மகள் "மாமா, என் மூக்கு ஏன் இவ்வளவு பெருசு?" என்று ஒருநாள் கேட்டாள். நானும் முதலில் "அதெல்லாம் ஒண்ணுமில்ல, போய்ப் படி" என்றுதான் சொன்னேன், அது தப்பு. அடுத்த ஞாயிறு தெப்பக்குளத்துக்குக் கூட்டிப்போய், ஒரு அடி தூரத்தில் ஒரு செல்ஃபியும், அஞ்சடி தள்ளி நின்று நான் ஒரு படமும் எடுத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். ஒரு அடியில் எடுக்கும் செல்ஃபியில் மூக்கு சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018-இல் அமெரிக்க மருத்துவர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். லென்ஸுக்குப் பக்கத்தில் இருப்பது பெரிதாக விழும், அவ்வளவுதான். அவள் படிக்கட்டில் உட்கார்ந்து ரொம்ப நேரம் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். அப்புறம் ஃபில்டரைப் போட்டு எடுத்து, எது எது மாறுகிறது என்று அவளே சொல்ல ஆரம்பித்தாள்: தாடை, கண், தோல். உங்கள் வீட்டிலும் இதைச் செய்யுங்கள், கால் மணி நேரம்கூட ஆகாது.

இது பொம்பளப் பிள்ளைகள் பிரச்சினை என்று நினைத்து ஆம்பளப் பிள்ளைகளை விட்டுவிடாதீர்கள். ஜிம் வீடியோவில் தெரியும் உடம்பு எடை தூக்கிய சூட்டில், பக்கவாட்டு வெளிச்சத்தில், வயிற்றை எக்கி எடுத்தது. அதைப் பார்த்து பதினாறு வயசுப் பையன் சாப்பாட்டை விட்டுவிட்டுப் பவுடரைக் கரைத்துக் குடிக்கிறான்.

விளம்பரத்தை விளம்பரம் என்று அடையாளம் காணாமல் விடுவதும் பெரிய தவறு. காசோ பொருளோ வாங்கிக்கொண்டு போடும் பதிவில் அதைத் தெரியும்படி குறிப்பிட வேண்டும் என்று இந்திய விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில் 2021-இல் விதி கொண்டுவந்தது. 'ஆட்', 'கொலாப்', 'பார்ட்னர்ஷிப்' என்று எங்கே எழுதியிருக்கிறது என்று பிள்ளையோடு சேர்ந்து தேடுங்கள். எழுதாமலும் போடுவார்கள், அதனால் "இதை நான் வாங்கினா யாருக்குக் காசு?" என்று கேட்கவும் பழக்குங்கள். குறிப்பாக, யாரோ சொன்னார்கள் என்று டாக்டர் சீட்டு இல்லாமல் மெடிக்கலில் வாங்கும் வெளுப்பு க்ரீம். ஸ்டீராய்டு கலந்ததாக இருந்தால் முதலில் பளபளக்கும், அப்புறம் தோல் மெலிந்து, பரு கிளம்பி, நிறுத்தினால் முகம் சிவந்து எரியும்.

பிள்ளை சாப்பாட்டைத் தள்ளினாலோ, போட்டோவுக்கு நிற்கவே மறுத்தாலோ, கண்ணாடி முன்னால் அழுதாலோ, "வயசுக் கோளாறு" என்று விட்டுவிடாதீர்கள். 14416-க்குக் கூப்பிட்டால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்ணின் ஆலோசகரிடம் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. பெரியாஸ்பத்திரியிலும் மனநலப் பிரிவு இருக்கிறது.