இரண்டு கேபிள், ஒரே லிங்க்: லினக்ஸ் சர்வரில் பாண்டிங் செய்வது எப்படி

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் எல்லாம் முடித்தபின் என்னைத் திட்டுவீர்கள். பாண்டிங் என்பது இரண்டு நெட்வொர்க் கேபிளை ஒரே லிங்க்காகச் சேர்ப்பது; ஆனால் இரண்டு 1 ஜிகாபிட் கேபிளைச் சேர்த்துக் கட்டினாலும் ஒரு ஃபைல் 2 ஜிகாபிட் வேகத்தில் போகாது. டோல்கேட்டில் இரண்டு கவுன்ட்டர் திறந்திருந்தாலும் ஒரு லாரி ஒன்றில்தானே நுழைய முடியும்? பத்து பேர் ஒரே நேரத்தில் சர்வரை இழுக்கும்போதுதான் இரண்டாவது கேபிளின் அருமை தெரியும்.

தேவையானவை: உபுண்டு சர்வர், அதில் ஒரே வேகமுள்ள இரண்டு போர்ட், எல்ஏசிபி (கேபிள்களை ஒன்றாகச் சேர்க்க சர்வரும் சுவிட்சும் பேசிக்கொள்ளும் முறை) தெரிந்த மேனேஜ்டு சுவிட்ச், அதாவது உள்ளே நுழைந்து அமைப்பை மாற்றக்கூடியது. சாதாரண சுவிட்ச்தான் இருக்கிறது என்றால் பாண்டிங் வகைகளில் மோட் 6 போட்டுக்கொள்ளலாம், அதற்கு சுவிட்ச் பக்கம் எதுவும் செய்ய வேண்டாம்.

படி 1: சர்வருக்கு மானிட்டரும் கீபோர்டும் மாட்டுங்கள். நான் ஒருமுறை எஸ்எஸ்ஹெச் (தூரத்திலிருந்து நெட்வொர்க் வழியே சர்வருக்குள் நுழைவது) வழியாகவே செய்துவிட்டு, இணைப்பு அறுந்து, ராத்திரி 11 மணிக்கு வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். நெட்பிளான்தான் உபுண்டுவில் நெட்வொர்க் அமைப்பைக் கவனிக்கும் கருவி; அமைப்பைச் சோதித்துப் பார்க்கும் அதன் 'நெட்பிளான் ட்ரை' கட்டளை காப்பாற்றும் என்று நம்பாதீர்கள், பாண்ட் அமைப்புகளை அது பழைய நிலைக்குத் திருப்பாது.

படி 2: சுவிட்சில் அந்த இரண்டு போர்ட்டையும் ஒரே குழுவில் சேர்த்து எல்ஏசிபியை 'ஆக்டிவ்' ஆக்குங்கள். சிஸ்கோவில் இதன் பெயர் போர்ட்-சேனல், வேறு சில கம்பெனிகள் லேக் என்பார்கள்.

படி 3: நெட்பிளான் ஃபைலில் இரண்டு போர்ட்டிலும் ஐபி முகவரியை எடுத்துவிட்டு, பாண்ட்0 என்று ஒன்றை உருவாக்கி முகவரியை அதற்குக் கொடுங்கள். மோட் 802.3ஏடி, அதாவது மோட் 4. லிங்க் கண்காணிப்பு 100 மில்லிசெகண்ட். அப்புறம் பலர் கோட்டை விடும் இடம், ஹாஷ் பாலிசி. எந்தப் பாக்கெட் எந்தக் கேபிளில் போக வேண்டும் என்று முடிவு செய்வது அதுதான். சும்மா விட்டால் லேயர்2, அதாவது மேக் முகவரியை (நெட்வொர்க் போர்ட்டின் வன்பொருள் எண்) வைத்துப் பிரிக்கும். கிளையன்ட் எல்லாம் ரவுட்டருக்கு அந்தப் பக்கம் இருந்தால் சர்வருக்குத் தெரிவது ரவுட்டரின் மேக் ஒன்றுதான், எனவே மொத்தமும் ஒரே கேபிளில் போய் நெரியும். லேயர்3+4 என்று மாற்றுங்கள், ஐபியையும் போர்ட் எண்ணையும் (இது கேபிள் மாட்டும் போர்ட் அல்ல, புரோகிராம்கள் பயன்படுத்தும் எண்) சேர்த்து வைத்துப் பிரிக்கும். இது சர்வர் அனுப்புவதற்கு மட்டும். திரும்பி வருவதைப் பிரிப்பது சுவிட்சின் வேலை, அதன் அமைப்பையும் ஒருமுறை பாருங்கள்.

படி 4: 'நெட்பிளான் அப்ளை' கொடுத்துவிட்டு, ப்ராக் ஃபோல்டருக்குள் நெட், அதற்குள் பாண்டிங், அதற்குள் பாண்ட்0 என்ற ஃபைலைத் திறந்து படியுங்கள். இரண்டு போர்ட்டுக்கும் அக்ரிகேட்டர் ஐடி (எந்தக் குழுவில் சேர்ந்திருக்கிறது என்ற எண்) ஒன்றாக இருக்க வேண்டும். பார்ட்னர் மேக், அதாவது எதிர்ப்பக்க சுவிட்சின் மேக், முழுக்கப் பூஜ்யமாக இருந்தால் சுவிட்ச் பேசவே இல்லை என்று அர்த்தம், படி 2க்குத் திரும்புங்கள்.

படி 5: ஒரு லேப்டாப்பை வைத்து வேகம் பார்த்துவிட்டு ஏமாந்துபோக வேண்டாம், அதன் போர்ட்டே 1 ஜிகாபிட்தான். இரண்டு கம்ப்யூட்டரிலிருந்து ஒரே நேரத்தில் ஐபெர்ஃப்3 (நெட்வொர்க் வேகம் அளக்கும் புரோகிராம்) ஓட்டுங்கள்; சர்வரில் அதை இரண்டு போர்ட் எண்ணில் தனித்தனியாகத் திறந்து வையுங்கள், ஏனென்றால் அது ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் பதில் சொல்லும். இரண்டிலும் 940 மெகாபிட் அளவு காட்டினால் சரி. இரண்டும் பாதியாக வந்தால் ஹாஷ் இரண்டையும் ஒரே கேபிளில் தள்ளியிருக்கிறது, போர்ட் எண்ணை மாற்றி மறுபடி ஓட்டுங்கள். கடைசியாக, பிங் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு கேபிளைப் பிடுங்கிப் பாருங்கள், பிங் தொடர்ந்து ஓட வேண்டும்.